முச்சந்தியில் நிற்கும் சூரிய மின்கலம்: செயல்திறனைக் கூட்ட எந்தப் பக்கம் திரும்பலாம்?

மேலே கேலியம் இண்டியம் பாஸ்பைடு, நடுவில் கேலியம் ஆர்சனைடு, அடியில் ஜெர்மானியம். ஒளியை மின்சாரமாக்கும் அடுக்கு ஒவ்வொன்றும் ஒரு சந்தி. இந்த மூன்று சந்திக் கலம்தான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் செயற்கைக்கோள்களுக்குச் சோறு போடுகிறது. ஆனால் விண்வெளி ஒளியில் 30 சதவீதத்தை ஒட்டி வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் ஏற நினைப்பவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் திகைக்கிறார்கள்: நான்காவது சந்தியைச் சேர்ப்பதா, அடியிலிருக்கும் ஜெர்மானியத்தைத் தூக்கிவிட்டு வேறொன்றை வைப்பதா, இருப்பதையே திருத்துவதா?

பதிலுக்கு முன்னால் ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். நான்கும் ஒளியைக் குவித்துத் தரும் குவிப்பான் இல்லாத சாதாரணச் சூரிய ஒளியில், தரைக்கு வந்து சேரும் ஒளிக்கான ஏஎம்1.5 நிறமாலையில் எடுத்த அளவீடுகள். திறந்த சுற்று மின்னழுத்தம் என்பது மின்னோட்டம் எடுக்காதபோது நிற்கும் மின்னழுத்தம். அதையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வருவதில் எவ்வளவு பங்கு திறனாகக் கைக்கு வருகிறது என்பதே நிரப்புக் காரணி. ஸ்பெக்ட்ரோலேப்பும் ஷார்ப்பும் நிறுவனங்கள், என்ஆர்இஎல் அமெரிக்க அரசின் ஆய்வுக்கூடம். தலைகீழ் வளர்ப்பையும் குவாண்டம் கிணற்றையும் பின்னால் பார்ப்போம்.

| கலம் | ஆண்டு | திறந்த சுற்று மின்னழுத்தம் (வோல்ட்) | மின்னோட்டம் (மி.ஆ./ச.செ.மீ.) | நிரப்புக் காரணி (%) | செயல்திறன் (%) |
|---|---|---|---|---|---|
| ஸ்பெக்ட்ரோலேப், ஜெர்மானியம் மேல் 3 சந்தி | 2003 | 2.622 | 14.37 | 85.0 | 32.0 |
| ஷார்ப், தலைகீழ் வளர்ப்பு 3 சந்தி | 2013 | 3.065 | 14.27 | 86.7 | 37.9 |
| என்ஆர்இஎல், தலைகீழ் வளர்ப்பு 6 சந்தி | 2020 | 5.549 | 8.46 | 83.5 | 39.2 |
| என்ஆர்இஎல், குவாண்டம் கிணறு 3 சந்தி | 2022 | 2.997 | 15.44 | 85.3 | 39.5 |

முதல் இரண்டு வரிகளில் மின்னோட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான். கூடிய ஆறு சதவீதத்தில் பெரும்பங்கு மின்னழுத்தத்திலிருந்து வந்தது. கடைசி இரண்டு வரிகள் இன்னும் சுவாரசியமானவை. ஆறு சந்தி போட்ட கலத்தை மூன்று சந்தி போட்ட கலம் முந்திவிட்டது. சந்திகளின் எண்ணிக்கையை வைத்துக் கலத்தை எடை போடுபவர்கள் இந்த இரண்டு வரிகளை மேசைக்கு மேலே ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

## எதை வைத்து எடை போடுவது

எந்த ஒளி? விண்வெளியில் ஏஎம்0, சதுர மீட்டருக்கு 1361 வாட். தரையில் ஏஎம்1.5. குவிப்பானுக்கு நேரடி ஒளி மட்டுமே. கலங்கள் தொடரில் இணைந்திருப்பதால் எந்தச் சந்தி குறைவாக மின்னோட்டம் தருகிறதோ அதுவே முழுக் கலத்தையும் கட்டிப்போடும். ஒரு நிறமாலைக்கு அளந்து தைத்த சட்டை இன்னொன்றுக்குப் பொருந்தாது.

மின்னழுத்த இழப்பு எவ்வளவு? ஒவ்வொரு சந்திக்கும் ஆற்றல் இடைவெளியிலிருந்து (அது விழுங்கக்கூடிய ஒளியின் குறைந்தபட்ச ஆற்றல், எலக்ட்ரான் வோல்ட்டில்) திறந்த சுற்று மின்னழுத்தத்தைக் கழித்துப் பாருங்கள். மிக நல்ல கேலியம் ஆர்சனைடு கலத்தில் மிச்சம் சுமார் 0.30 வோல்ட். அணிக்கோவை (படிகத்தில் அணுக்கள் நிற்கும் இடைவெளி) பொருந்தாமல் வளர்த்த 1.0 எலக்ட்ரான் வோல்ட் கலத்தில் 0.40 வந்தால் நல்ல வேலை. 0.50ஐத் தாண்டினால் பொருளில் குறை இருக்கிறது என்று அர்த்தம். சந்தியைக் கூட்டி அதைச் சரிக்கட்ட முடியாது. ஷார்ப் கலத்தின் மூன்று இடைவெளிகளையும் 1.88, 1.43, 1.0 என்று வைத்துக் கூட்டி 3.065ஐக் கழித்தால் சந்திக்குச் சராசரியாக 0.41 வோல்ட் வருகிறது. உங்கள் கலத்துக்கும் இதே கணக்கைப் போடுங்கள்.

அடித்தட்டும் வளர்ப்பு நேரமும். இந்தக் கலங்களில், அடுக்குகளை வளர்க்கும் அடித்தட்டான வேஃபரின் விலையும் உலையில் செலவாகும் நேரமும்தான் பட்ஜெட்டைத் தின்னும். 2023 ஆகஸ்ட் முதல் சீனா கேலியம், ஜெர்மானியம் இரண்டின் ஏற்றுமதிக்கும் உரிமக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. ஆகவே வேஃபர் கிடைக்குமா என்பதும் இப்போது பொறியியல் கேள்விதான்.

ஆயுள் முடிவில் என்ன மிஞ்சும்? விண்வெளிக் கலத்துக்கு முதல் நாள் எண் பெரிதல்ல. சதுர சென்டிமீட்டருக்கு 10¹⁵ என்ற அளவில் 1 மெகா எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரான்களை அடித்த பிறகு நிற்பதுதான் கணக்கு.

## முதலில் இருப்பதைக் கறந்துவிடுங்கள்

புதுக் கட்டமைப்புக்கு அகலக்கால் வைக்கும் முன் கையிலிருக்கும் கலத்தில் விட்டுப்போனதைத் தேடுங்கள். ஒவ்வொரு சந்திக்கும் தனித்தனியே குவாண்டம் செயல்திறனை (எந்த நிற ஒளியில் எவ்வளவு மின்னோட்டமாகிறது என்பதை) அளந்து, எது மின்னோட்டத்தைக் கட்டிப்போடுகிறது என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை.

மேல் கலம், அதாவது மேல் சந்தி, அதிகமாகத் தந்தால் அதை மெலிதாக்குங்கள். நடுக் கலத்துக்கு ஒளி இறங்கும். மேல் கலத்தில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. கேலியமும் இண்டியமும் தாங்களாகவே அடுக்கடுக்காக ஒழுங்குபட்டுவிட்டால் ஆற்றல் இடைவெளி 1.9இலிருந்து 1.8ஐ நோக்கி இறங்கும், மின்னழுத்தமும் கூடவே போகும். வேஃபரின் வெட்டுக் கோணத்தை மாற்றுவது, வளர்ப்பின்போது சிறிதளவு ஆன்டிமனி சேர்ப்பது இரண்டும் அந்த ஒழுங்கைக் கலைக்கும். இடைவெளியை உயர்த்த அலுமினியம் சேர்க்கலாம்தான், ஆனால் அலுமினியத்தோடு ஆக்சிஜனும் உள்ளே வந்து மின்னோட்டத்தைச் சுமக்கும் மின்னூட்டிகளின் பயண நீளத்தைச் சுருக்கிவிடும்.

எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சை மட்டும் மாற்றிப் பெற்ற லாபமும் சிறிதல்ல. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஐஎஸ்இ ஆய்வு நிலையத்தின் நான்கு சந்திக் கலம் 2022இல் 665 மடங்கு குவிப்பில் 47.6 சதவீதத்தைத் தொட்டது. அதற்கு முக்கியக் காரணம் நான்கு அடுக்குத் தடுப்புப் பூச்சு. மேக்னீசியம் ஃபுளோரைடும் துத்தநாக சல்பைடும் கொண்ட வழக்கமான இரண்டு அடுக்கு, 300 முதல் 1800 நானோமீட்டர் வரை விரிந்த பட்டைக்குப் போதாது.

முன்பக்க உலோகக் கோடுகளும் பார்க்க வேண்டியவை. நெருக்கமாகப் போட்டால் நிழல், தள்ளிப் போட்டால் மின்தடை. தடை இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் குவிப்பு கூடக் கூடக் கோடுகளின் இடைவெளியைக் குறைத்தாக வேண்டும். சந்திகளை ஒன்றோடொன்று இணைக்கும் டனல் சந்தியையும் சோதியுங்கள். 1000 மடங்கு குவிப்பில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 14 ஆம்பியர் அதன் வழியே போக வேண்டும். உச்ச மின்னோட்டம் அதற்குக் கீழே இருந்தால் மின்னோட்ட-மின்னழுத்த வளைகோட்டில் திடீரென்று ஒரு பள்ளம் தெரியும்.

## வழி 1: நீர்த்த நைட்ரைடு

கேலியம் இண்டியம் ஆர்சனைடில் 2 முதல் 3 சதவீத நைட்ரஜனைக் கலந்தால் ஆற்றல் இடைவெளி 1.0 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு இறங்கும், அணிக்கோவையும் கேலியம் ஆர்சனைடோடு பொருந்தி நிற்கும். காகிதத்தில் இதுவே மிக அழகான வழி. சோலார் ஜங்ஷன் நிறுவனம் ஆன்டிமனியும் சேர்த்து, 2012இல் 942 மடங்கு குவிப்பில் 44 சதவீதத்தை எட்டியது.

மறைவான விலை உலையில் இருக்கிறது. இதை நன்றாக வளர்ப்பது மூலக்கூற்றுக் கற்றை முறைதான். பெரும்பாலான ஆலைகளில் இருப்பதோ உலோகக் கரிம வாயுக்களிலிருந்து அடுக்குகளைப் படியவைக்கும் எம்ஓசிவிடி உலை. அதில் நைட்ரஜனோடு கார்பனும் ஹைட்ரஜனும் உள்ளே புகுந்து பின்னணி மாசைக் கூட்டிவிடும். மின்னூட்டிகளின் பயண நீளம் குறுகலாக இருப்பதால், அவற்றை மின்புலத்தாலேயே இழுக்கும்படி, அந்தப் புலம் நிற்கும் வெறுமைப் பகுதி அகலமாக இருக்க வேண்டும். வளர்த்த பிறகு வெப்பப் பதப்படுத்தலும் வேண்டும், அதுவும் மற்ற சந்திகள் கெடாத அளவில். கற்றை உலை ஏற்கெனவே கையில் இருப்பவர்களைத் தவிர மற்றவர்கள் இந்தப் பக்கம் திரும்ப வேண்டாம்.

## வழி 2: ஜெர்மானியத்தின் மேல் பொருந்தா அணிக்கோவை

மேல், நடுக் கலங்களில் இண்டியத்தைக் கூட்டி இரண்டின் இடைவெளியையும் இறக்குகிறோம். ஜெர்மானியம் வீணாக்கிய மின்னோட்டத்தில் ஒரு பங்கு அவற்றுக்கு வந்து சேரும். ஸ்பெக்ட்ரோலேப் முதன்முதலில் 40 சதவீதத்தைத் தாண்டி 40.7ஐத் தொட்டதும், ஃபிரான்ஹோஃபர் 2009இல் 454 மடங்கில் 41.1ஐத் தொட்டதும் இந்த வழியில்தான். பின்னதில் அணிக்கோவைப் பொருந்தாமை ஏறத்தாழ 1.2 சதவீதம்.

இதன் பெரிய பலம் பழக்கம்தான். அதே ஜெர்மானியம், அதே உலை, அதே உலோகப் படிவு. நடுவே அணிக்கோவையைப் படிப்படியாக மாற்றும் ஒரு தாங்கல் அடுக்கு மட்டும் கூடுகிறது. ஆனால் குறைபாடுள்ள அடுக்குக்கு மேல்தான் மேல் கலத்தையும் நடுக் கலத்தையும் வளர்க்கிறோம். தாங்கல் அடுக்கில் பிசகினால் அதிக மின்னழுத்தம் தரும் இரண்டு சந்திகளுமே அடிபடும். அடியில் ஜெர்மானியம் அப்படியே இருப்பதால் அதன் கால் வோல்ட்டும் மாறாது.

இதே தளத்தில் நான்கு சந்தி போட்டு அஸூர் ஸ்பேஸ் விற்கும் விண்வெளிக் கலம் 32 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் தயாரிப்பு வரிசையைக் கலைக்காமல் இரண்டு சதவீதம் ஏற வேண்டும் என்பவர்களுக்கு இதைவிடப் பத்திரமான வழி இல்லை.

## வழி 3: தலைகீழ் வளர்ப்பு

வீடு கட்டும்போது கூரையை முதலில் போடுவதுபோல. கேலியம் ஆர்சனைடு வேஃபரின் மேல் முதலில் மேல் கலம், அடுத்து நடுக் கலம், இரண்டும் அணிக்கோவை பொருந்தியே வளரும். அதற்குப் பிறகுதான் தாங்கல் அடுக்கு. கடைசியில் 1.0 எலக்ட்ரான் வோல்ட் கேலியம் இண்டியம் ஆர்சனைடு. இதன் பொருந்தாமை சுமார் 2 சதவீதம். குறை உள்ள பகுதி கடைசியில் வருவதால் மேலிரண்டும் தப்பிக்கின்றன. அவை கெடாமல், அடியில் ஜெர்மானியத்தின் கால் வோல்ட்டுக்குப் பதில் அதிக மின்னழுத்தம் தரும் 1.0 எலக்ட்ரான் வோல்ட் கலம் வந்ததே முதல் அட்டவணையில் பார்த்த 0.44 வோல்ட் உயர்வின் சூட்சுமம்.

தாங்கல் அடுக்கை எந்தப் பொருளில் போடுவது என்பதில் பலர் தடுக்குவார்கள். நடுக் கலத்தைக் கடந்து வரும் ஒளியை அது விழுங்கக் கூடாது. ஆகவே கேலியம் இண்டியம் பாஸ்பைடு போன்ற அகல இடைவெளிப் பொருள் வேண்டும். கால் மைக்ரான் அளவுள்ள படிகளாக இண்டியத்தை ஏற்றிக்கொண்டே போய், கடைசிப் படியில் இலக்கைச் சற்றுத் தாண்டிவிட்டுத் திரும்புவது வழக்கம். எஞ்சிய இறுக்கம் அதில் தளரும். தளராவிட்டால் வேஃபரை அகற்றியதும் படலம் சுருண்டுகொள்ளும். குறைகளின் அடர்த்தி சதுர சென்டிமீட்டருக்கு 10⁶ அளவில் நின்றால் சமாளிக்கலாம்.

வளர்த்த பிறகுதான் உண்மையான வேலை. பின்புறத்தில் தங்கம் படியவைத்து, எபாக்சியால் தாங்கு தட்டில் ஒட்டி, அம்மோனியம் ஹைட்ராக்சைடும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த கரைசலில் வேஃபரைக் கரைக்க வேண்டும். கேலியம் இண்டியம் பாஸ்பைடு நிறுத்த அடுக்கு வந்ததும் அரிப்பு நிற்கும். அதை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நீக்கி முன்பக்கக் கோடுகளைப் போடலாம். எபாக்சியில் சிக்கிய ஒரு காற்றுக் குமிழி, வேஃபர் போனதும் விரிசலாக மாறும்.

மேல் கலமும் டனல் சந்திகளும் மற்ற அடுக்குகள் வளரும் மணிக்கணக்கான நேரமும் சூட்டில் கிடக்கின்றன என்பது மறக்கக்கூடாத இன்னொரு சங்கதி. மாசூட்டச் சேர்த்த துத்தநாகம் அந்தச் சூட்டில் நகர்ந்துவிடும். டனல் சந்தியின் ஒரு பக்கத்துக்குக் கார்பன், மறுபக்கத்துக்கு டெலூரியம் என்று போவது நல்லது. டெலூரியமோ உலைச் சுவரில் ஒட்டிக்கொண்டு அடுத்த அடுக்குக்குள்ளும் எட்டிப்பார்க்கும், நடுவே இடைநிறுத்தம் கொடுங்கள்.

வேஃபரைக் கரைக்காமல் உரித்தெடுத்து மறுபடி பயன்படுத்தலாம் என்பது விற்பனையாளர்கள் அடிக்கடி சொல்லும் கணக்கு. ஒவ்வொரு சுற்றிலும் மெருகேற்றும் செலவையும், உடைந்து போகும் வேஃபர்களையும் சேர்க்காமல் அந்தக் கணக்கை நம்ப வேண்டாம்.

எடைதான் இதன் இன்னொரு லாபம். 140 மைக்ரான் ஜெர்மானியம் மட்டுமே சதுர சென்டிமீட்டருக்கு 75 மில்லிகிராம். உரித்தெடுத்த படலத்தின் தடிமன் பத்து மைக்ரான் அளவுதான். ஆனால் விண்வெளியில் மேலே கண்ணாடி மூடி எப்படியும் வரும், அதன் எடையையும் கூட்டியே ஒப்பிடுங்கள். உயரப் பறக்கும் ஆளில்லா விமானம், சுருட்டி விரிக்கும் பலகை இரண்டிலும் இந்த வழிக்குப் போட்டியே இல்லை.

## வழி 4: வேஃபர் ஒட்டு

பொருந்தாத இரண்டு அணிக்கோவைகளை வளர்த்துச் சேர்ப்பானேன், தனித்தனியே வளர்த்து ஒட்டிவிடலாமே என்பது யோசனை. கேலியம் ஆர்சனைடின் மேல் இரண்டு சந்தி, இண்டியம் பாஸ்பைடின் மேல் இரண்டு சந்தி, நடுவில் பசையில்லாத நேரடி ஒட்டு. சோய்டெக், ஃபிரான்ஹோஃபர், சிஇஏ-லெட்டி மூவரும் சேர்ந்து 2014இல் 508 மடங்கு குவிப்பில் 46 சதவீதம் எடுத்தது இப்படித்தான். மேலே சொன்ன 47.6உம் இந்தக் குடும்பமே.

நான்கு சந்திகளும் குறையில்லாத பொருளில் நிற்பதால் மின்னழுத்த இழப்பில் இதுவே சிறந்தது. விலையோ எல்லாவற்றிலும் அதிகம். இரண்டு வகை வேஃபர் வேண்டும், அதில் இண்டியம் பாஸ்பைடு விலையிலும் உடையும் குணத்திலும் முன்னால் நிற்பது. பரப்பின் கரடுமுரடு ஒரு நானோமீட்டருக்குள் வர மெருகேற்ற வேண்டும். ஒரு மைக்ரான் தூசி உள்ளே சிக்கினால் சில மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒட்டாத வெற்றிடம் உண்டாகும். ஒட்டின் இருபுறமும் கனமாக மாசூட்டாவிட்டால் அந்த இடமே மின்தடையாகி, குவிப்பில் கிடைத்த லாபத்தைத் தின்றுவிடும்.

குவிப்பான் இல்லாமல் இதைத் தேர்ந்தெடுப்பது வீண். காரணம் எளிது: சந்திக்கு 25.7 மில்லி வோல்ட்டைக் குவிப்பு மடங்கின் இயல் மடக்கையால் பெருக்கிய அளவு மின்னழுத்தம் ஏறும். 500 மடங்கில் அது சந்திக்கு 0.16 வோல்ட், மூன்று சந்திக்கு 0.48, நான்குக்கு 0.64. சந்தி கூடக் கூடக் குவிப்பின் பலன் பெருகும். என்ஆர்இஎல்லின் ஆறு சந்திக் கலம் சாதாரண ஒளியில் 39.2 என்றும் 143 மடங்கில் 47.1 என்றும் தாவியது இதனால்தான்.

## வழி 5: குவாண்டம் கிணறு

இதைத் தனி வழி என்பதைவிட வழி 3இன் மேல் ஏறும் ஒட்டுத் திண்ணை என்பதே சரி. நடுக் கலத்தில் மெல்லிய கேலியம் இண்டியம் ஆர்சனைடு கிணறுகளையும் கேலியம் ஆர்சனைடு பாஸ்பைடு தடுப்புகளையும் மாற்றி மாற்றி அடுக்குகிறார்கள். ஒன்று இழுக்கும், மற்றொன்று அமுக்கும், மொத்த இறுக்கம் பூஜ்யத்தில் நிற்கும். நடுக் கலம் கேலியம் ஆர்சனைடின் எல்லையைத் தாண்டிய ஒளியையும் கொஞ்சம் விழுங்கும். முதல் அட்டவணையில் மின்னோட்டம் 14.27இலிருந்து 15.44 ஆனதற்கும், மின்னழுத்தம் 0.07 வோல்ட் மட்டுமே இறங்கியதற்கும் இதில் பெரும்பங்கு உண்டு.

நூற்றுக்கணக்கான அடுக்குகளுக்கு வாயுக் குழாய்களைத் திறந்து மூட வேண்டும். உலை நேரம் நீளும், இறுக்கச் சமநிலை கொஞ்சம் நழுவினால் அடுக்கு ஏற ஏறப் பிழையும் சேர்ந்துகொண்டே போகும். விண்வெளி நிறமாலையில் இந்தக் கலம் 34.2 சதவீதம் காட்டியிருக்கிறது. ஆனால் கிணறுகள் நிற்கும் தடித்த மாசில்லாப் பகுதி கதிர்வீச்சில் புலத்தை இழக்கும் என்பதால், நீண்ட பயணத்துக்கு ஆயுள் முடிவு எண்ணைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

## சிலிக்கானை அடியில் வைத்தால்?

வீட்டுக் கூரைக்கு மேலே சொன்ன எதுவும் விலையில் பொருந்தாது. அங்கே போட்டி வேறு. சிலிக்கானின் மேல் பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளை வைக்கும் இரட்டைச் சந்தியில் சீனாவின் லோங்கி நிறுவனம் 2025இல் 34.85 சதவீதம் அறிவித்தது. கேலியம் ஆர்சனைடு வகையைச் சேர்ந்த மூன்று-ஐந்து சேர்மங்களைச் சிலிக்கானில் ஒட்டிய கலத்தில் ஃபிரான்ஹோஃபர் 2023இல் 36.1 எடுத்தது. முன்னதற்கு ஈரமும் வெயிலும் தாங்கும் ஆயுள்தான் கேள்வி, பின்னதற்கு விலை. நடுவில் ஒரு கதவு திறந்து கிடக்கிறது: ஹைட்ரைடு ஆவி முறையில் என்ஆர்இஎல் 2019இல் மணிக்கு 300 மைக்ரானுக்கு மேல் கேலியம் ஆர்சனைடை வளர்த்துக் காட்டியது. எம்ஓசிவிடி வழக்கமாக ஓடும் வேகத்தைப் போல இது பல மடங்கு.

## யாருக்கு எது

| நிலைமை | தேர்வு | கவனிக்க வேண்டியது |
|---|---|---|
| ஓடும் விண்வெளித் தயாரிப்பு வரிசை | வழி 2 | தாங்கல் அடுக்கு, ஆயுள் முடிவு எண் |
| எடையே முதல் கவலை | வழி 3 | ஒட்டும் தட்டு, படலம் சுருளுதல் |
| 500 மடங்குக்கு மேல் குவிப்பு | வழி 4 | கோட்டுத் தடை, ஒட்டுத் தடை |
| ஒற்றைச் சூரியனில் உச்ச எண் | வழி 3 + 5 | உலை நேரம், இறுக்கச் சமநிலை |
| கற்றை உலை கையில் உண்டு | வழி 1 | வெப்பப் பதப்படுத்தல் |
| வீட்டுக் கூரை | சிலிக்கான் இரட்டை | ஆயுள் உத்தரவாதம் |

விண்வெளிக்குச் செய்பவர்களுக்கு ஒரு சூத்திரம். கதிர்வீச்சில் மேல் கலம் அதிகம் தாங்கும், நடுக் கலம் சீக்கிரம் தளரும். ஆகவே முதல் நாளில் மேல் கலமே மின்னோட்டத்தைக் கட்டிப்போடும்படி அதை மெலிதாக்கி, நடுவுக்குக் கூடுதல் ஒளி விடுங்கள். நாளடைவில் நடு இறங்கி வந்து மேலோடு சமமாகும். முதல் நாள் எண் அரை சதவீதம் குறைந்தாலும் கடைசி நாள் எண் ஏறும்.

எந்த வழியில் போனாலும் அளவீட்டில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஒற்றை விளக்கு சூரிய ஒளிப்பானில் நிறமாலை சற்றுச் சாய்ந்தால் சந்திகளின் மின்னோட்டச் சமநிலை கலையும். அப்படிக் கலைந்த கலத்தின் நிரப்புக் காரணி ஏறித் தெரியும், கூட்டிக் கழித்தால் செயல்திறன் கூடியதுபோல இருக்கும். ஒவ்வொரு சந்திக்கும் அதே பொருளில் செய்த ஒற்றைக் கலத்தை வைத்து, பல விளக்கு ஒளிப்பானில் ஒவ்வொரு பட்டையையும் தனித்தனியே சரிசெய்து அளந்த எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள். புதுக் கலத்தில் நிரப்புக் காரணி மட்டும் தனியாக உயர்ந்து மின்னழுத்தம் அசையவில்லை என்றால், கலத்தைத் தொடும் முன் விளக்கைச் சந்தேகியுங்கள்.